தான் செய்வது சரி என்று நம்பும் வில்லன்

காரணமே இல்லாமல் கொடுமை செய்கிறவன்தான் மிகவும் பயமுறுத்தும் வில்லன் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் புயல் மாதிரி. அவனிடம் புரிந்துகொள்ள ஒன்றுமே இல்லை. தன் பக்கம் நியாயம் இருப்பதாக முழு மனதோடு நம்புகிறவனைப் பார்த்தால்தான் எனக்கு நடுக்கம். அவன் பேசும்போது நாமே ஓரிடத்தில் "சரிதானே" என்று தலையாட்டிவிடுகிறோம். அப்புறம் அதே நியாயத்தை வைத்து அவன் ஒரு ஊரையே எரிக்கிறான். எந்த இடத்தில் நாம் அவனைவிட்டு விலகியிருக்க வேண்டும் என்று தேடினால் கிடைப்பதில்லை.

1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனையை நினைத்துப் பாருங்கள். அடுத்த அறையில் இருப்பவர் தவறாகப் பதில் சொன்னால் சோதனைக்கு வந்தவர்கள் அவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும். (அதிர்ச்சி போலி, ஆனால் கொடுத்தவர்களுக்கு அது தெரியாது.) முதலில் வெளியான ஆய்வில் 40 பேரில் 26 பேர் கடைசி விசையான 450 வோல்ட் வரை போனார்கள். பலருக்கு வியர்த்தது, கை நடுங்கியது. இருந்தும் அழுத்தினார்கள். அடுத்த அறையில் இருந்தவர்மேல் அவர்களுக்கு எந்தப் பகையும் இல்லை. "சோதனைக்காக நீங்கள் தொடர வேண்டும்" என்பது போல சோதனையை நடத்தியவர் சொன்ன சில வாக்கியங்களே போதுமாக இருந்தன.

இதனால்தான் வில்லனுக்கு ஒரு சிறுவயதுச் சோகத்தை ஒட்டவைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. அதைக் கேட்டதும் "நமக்கு அப்படி நடக்கவில்லையே" என்று நாம் தப்பித்துக்கொள்கிறோம்.