நான் நான்தான் என்று திங்கள்தோறும் நிரூபிக்கிறேன்

இன்று காலை ஆறே முக்காலுக்கு மறுபடியும் அந்த மின்னஞ்சல். "உங்கள் இணைப்பைக் கவனிக்கவும். மீண்டும் கனெக்ட் செய்யவும்." நான்காவது திங்கள்கிழமை. கோயிலுக்குக்கூட நான் இத்தனை ஒழுங்காகப் போனதில்லை.

மார்த்தாண்டத்தில் மாமாவுக்குத் தேன் கடை. அதற்கு இணையதளம் கட்டிக்கொடுத்த பாவி நான். தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு தினமும் காலையில் ஒரு ஷீட்டில் தானாக வந்து விழ வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கணக்கெடுக்கிற அனலிட்டிக்ஸ் சேவை ஒரு பக்கம், ஷீட் மறு பக்கம், நடுவில் இரண்டையும் கோத்துவிடுகிற ஓர் இணைப்புத் தளம். "ஒரே கிளிக்கில் கனெக்ட்" என்று முகப்பில் போட்டிருக்கிறான். அந்த ஒரே கிளிக்கை முதல் நாளில் மட்டும் அறுபது தடவை அழுத்தியிருப்பேன்.

முதல் தடவை, திறக்க வேண்டிய ஜன்னலை பிரவுசரே மறித்துவிட்டது. அனுமதி கொடுத்தேன். எந்தக் கணக்கு என்றது. கடைக் கணக்கு என்றேன். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். அப்புறம் ஆறு இலக்க எண் கேட்டது. அது இருப்பது மாமாவின் போனில். மாமா இருப்பது குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தேன்பெட்டிகளுக்கு நடுவே.

அந்த எண்ணுக்கு ஆயுசு முப்பது வினாடி. மாமா புகைச்சட்டியைக் கீழே வைத்து, முகவலையைத் தூக்கி, சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடி எடுக்கவே நாற்பது வினாடி. "நாலு... எட்டு... ஒண்ணு... அய்யோ, மாறிப் போச்சே மக்களே!" மறுபடியும் முதலிலிருந்து. ஐந்தாவது தடவை இரண்டு எண் மிச்சம் இருக்கும்போது ஒரு தேனீ அவர் காதில் கொட்டியது. அந்தப் பக்கம் கேட்ட வசனத்தை இங்கே எழுத முடியாது. ஏழாவது தடவை எண் சரியாக விழுந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

உள்ளே போனால், "ரீடைரக்ட் முகவரி பொருந்தவில்லை. பிழை 400." அதாவது, அனுமதி முடிந்ததும் என்னைத் திருப்பி அனுப்ப வேண்டிய முகவரியும் நான் பதிந்து வைத்த முகவரியும் ஒன்றாக இல்லையாம்.

இரண்டு மணி நேரம் பார்த்தேன். ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்தேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, ஜெபிக்கிறேன் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். கடைசியில் பார்த்தால் முகவரியின் வாலில் ஒரு சாய்கோடு. அங்கே இருக்கிறது, இங்கே இல்லை. நம் ஊர்க் கல்யாணத்தில் யாராவது வாசலில் நிறுத்தி, "பத்திரிகையில் உம்ம இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி இல்லை, உமக்கு அடப்பிரதமன் பாயசம் கிடையாது" என்று சொல்வானா?

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ஓஆத் 2.0. 2012-ல் ஆர்எஃப்சி 6749 என்ற இணையத் தரநிலை ஆவணமாக எழுதி வைத்தார்கள். கடவுச்சொல்லை மூன்றாம் ஆளிடம் கொடுக்காமல், இன்னதை மட்டும் பார்க்கலாம் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிற வழி. எண்ணம் நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். சீட்டு காலாவதியானால் புதுச் சீட்டு வாங்க ரிஃப்ரெஷ் டோக்கன் என்று இன்னொன்று தருவார்கள். என் கதையில் அந்த இன்னொன்றும் ஏழே நாளில் செத்துப்போகிறது. ஏன்? இந்த இணைப்புக்காக நான் பதிவுசெய்த செயலி "சோதனை" நிலையில் இருக்கிறதாம். இதை உதவிப் பக்கத்தின் அடிவாரத்தில், மூன்றாவது வாரம்தான் கண்டுபிடித்தேன். சரி, நிலையை மாற்றலாம் என்று போனால் சரிபார்ப்பு என்கிறது. தனியுரிமைக் கொள்கை எங்கே என்கிறது. செயலி எப்படி வேலை செய்கிறது என்று வீடியோ எடுத்து அனுப்பு என்கிறது. என் மாமா கடைக் கணக்கை நான் பார்க்கிற அழகை நானே படம் பிடித்து அனுப்ப வேண்டுமாம். வேண்டாம் சாமி. திங்கள்கிழமை ரீகனெக்டே போதும்.

இத்தனைக்கும் பிறகு ஷீட்டில் என்ன வந்தது தெரியுமா? இந்த மாதம் 71 வருகை. அதில் 64 நாகர்கோவிலிலிருந்து. நாகர்கோவிலில் உட்கார்ந்து, கணக்கு விழுகிறதா விழுகிறதா என்று தளத்தைத் திறந்து திறந்து பார்த்தது யார்? நான்தான். மாமா ஷீட்டைப் பார்த்துவிட்டு ராத்திரி போன் செய்தார். "நாகர்கோவில்காரனுவளுக்கு நம்ம தேனு பிடிச்சுப் போச்சு மக்களே. வடசேரி பக்கம் ஒரு கடை போட்டா என்ன?" எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உண்மையைச் சொல்லவும் மனசு வரவில்லை. இப்போது வாடகைக்கு இடம் பார்க்கிறார்.

அதை விடுங்கள். எங்கள் அம்மா இருபது வருஷம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், கொட்டை உடைத்தவள். கொட்டை ஓட்டிலிருந்து கசிகிற அந்தத் தோட்டுப் பால் தின்ற விரலில் ரேகை எங்கே இருக்கும்? ரேஷன் கடையில் மாதாமாதம் அந்த இயந்திரம் அவளைத் தெரியாது என்கிறது. கடையில் நிற்கிற பையன் எங்கள் தெருக்காரன், சின்ன வயதில் எங்கள் வீட்டில் சோறு தின்று வளர்ந்தவன். அவன் சொல்கிறான்: "மாமி, விரல சேலையில தொடச்சுட்டு இன்னொருக்க அமுக்குங்க."