தங்கையின் துக்கம்

வீட்டில் அண்ணன் இறந்துபோனால், வருகிறவர்கள் முதலில் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அப்புறம் அண்ணி, அப்புறம் பிள்ளைகள். தங்கையின் கையைப் பிடித்து "அம்மாவை நீதாம்மா பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் சரி சரி என்று தலையாட்டினேன். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தேன், பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமையல்காரரிடம் பேசி முன்பணம் கொடுத்தேன். அழுதது எப்போது என்று ஞாபகமில்லை.

அதனால்தான் 2022 நவம்பரில் வந்த 'பிளாக் பாந்தர்: வகாண்டா ஃபாரெவர்' படத்தை இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். போன வாரம்தான் பார்த்தேன். இனி கதையை மறைக்காமல் எழுதப் போகிறேன், பார்க்காதவர்கள் மன்னிக்கவும்.

பின்னணி பலருக்கும் தெரியும். வகாண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டின் ராஜா டி'சல்லாவாக, அதாவது பிளாக் பாந்தராக நடித்த சாட்விக் போஸ்மேன் 2020 ஆகஸ்ட் 28 அன்று பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார். வயது 43. நோய் 2016லேயே தெரிந்துவிட்டது, ஆனால் வெளியே சொல்லவில்லை. 2018இல் 'பிளாக் பாந்தர்' முதல் படத்தைக் கொண்டாடிய நம்மில் எவருக்கும் தெரியாது. வேறு நடிகரைப் போடச் சொல்லி ரசிகர்கள் இணையத்தில் கையெழுத்து வேட்டையே நடத்தினார்கள். கறுப்பினச் சிறுவர்களுக்குக் கிடைத்த ஒரு ராஜா நடிகரோடு சேர்ந்து சாக வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. இருந்தும் இயக்குநர் ரயன் கூக்ளர் பாத்திரத்தையும் இறக்கவிட்டதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. இன்னொருவர் அந்த உடையில் வந்து நின்றிருந்தால் என்னால் உட்கார்ந்து பார்த்திருக்க முடியாது.

படம் தொடங்குவதே தங்கையிடம்தான். ஆய்வகத்தில் டி'சல்லாவின் தங்கை ஷூரி, அண்ணனைக் காப்பாற்ற, பிளாக் பாந்தருக்குச் சக்தி தரும் மூலிகையைச் செயற்கையாக உருவாக்கப் படபடப்போடு முயன்றுகொண்டிருக்கிறாள். அம்மா வந்து அண்ணன் போய்விட்டான் என்கிறாள். அவ்வளவுதான். அப்புறம் வெள்ளை உடுத்திய கூட்டம், மேளம், ஆட்டம். பறையடித்து ஆடி வழியனுப்பும் ஊரில் வளர்ந்தவளுக்கு இதில் அந்நியமாக எதுவும் இல்லை. மார்வல் சின்னம் வரும்போது இசையே கிடையாது, போஸ்மேனின் முகங்கள் மட்டும். நான் ரிமோட்டை எடுத்து ஒருமுறை நிறுத்திவிட்டேன்.

ஓராண்டு கழித்து அம்மா ரமோண்டா, துக்க உடையை எரித்து முடித்துக்கொள்ளலாம் வா என்று ஆற்றங்கரைக்கு மகளை அழைத்துப்போகிறாள். மகள் மறுக்கிறாள். உட்கார்ந்து அண்ணனை நினைக்க ஆரம்பித்தால் துணியை அல்ல, உலகத்தையே எரித்துவிடுவேன் என்கிற மாதிரி பேசுகிறாள். ஷூரியாக நடிக்கும் லெட்டீஷியா ரைட் அதைக் கத்திச் சொல்வதில்லை. அம்மாவாக வரும் ஏஞ்சலா பாசெட்டுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, மார்வல் ஸ்டூடியோஸ் படத்தில் நடித்து அதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான். தகுதியானவர், சந்தேகமே இல்லை. ஆனால் பாருங்கள், இங்கேயும் அம்மாவின் அழுகைதான் எல்லோர் கண்ணிலும் பட்டது.

எதிரியாக வரும் நமோரும் ஒரு சாவிலிருந்து கிளம்பியவன்தான். 1939இல் காமிக்ஸில் வந்த காலத்திலிருந்து அவன் கடலடி அட்லாண்டிஸ்காரன். கூக்ளர் அவனை மெக்சிகோ, குவாத்தமாலா பகுதியின் பூர்வகுடியான மாயா இனத்தவனாக மாற்றியிருக்கிறார். பதினாறாம் நூற்றாண்டு மெக்சிகோவின் யுகத்தான், ஸ்பானியர் வருகை, பெரியம்மை, கடலுக்குள் ஓடிய மக்கள். அம்மாவை அவள் பிறந்த மண்ணில் புதைக்க வருகிறான், தன் மக்கள் அடிமைகளாக வேலை செய்வதைப் பார்க்கிறான், அந்தப் பண்ணையைக் கொளுத்துகிறான். ஷூரி வாயால் சொன்னதை அவன் செய்து முடித்தவன். இந்த இணைப்புதான் எனக்குப் படத்திலேயே பிடித்த விஷயம். அவன் அம்மாவாக நடித்த மரியா மெர்சிடெஸ் கொரோய் குவாத்தமாலாவின் கக்சிகேல் மாயா பெண். நமோர் ஆளும் கடலடி நாடான தலோகானின் மக்கள் யுகத்தேக் மாயா மொழியில் பேசுகிறார்கள், வகாண்டாவின் மொழியோ தென்னாப்பிரிக்காவின் கோசா. இறகும் பாசிமணியும் மாட்டிவிட்டு ஆங்கிலத்தில் பேசவைப்பது எவ்வளவு சுலபம்!

இருந்தாலும் எனக்கு ஒரு மனத்தாங்கல். மாயா மக்கள் கடலடிக் கதையல்ல. மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் லட்சக்கணக்கில் இன்றும் வாழ்கிறவர்கள். அவர்களில் யாருக்கும் இன்றைய காலத்து மனிதராகக் கதையில் பெரிய இடம் இல்லை. இன்னொன்று, வகாண்டாவிலும் தலோகானிலும் மட்டும் கிடைக்கும் வைப்ரேனியம் என்ற அபூர்வ உலோகத்துக்காக அலைவது பிரான்சும் அமெரிக்காவும். கடைசியில் வெட்டிக்கொண்டு சாவது வகாண்டாவும் தலோகானும். நியாயமாகக் கோபம் போக வேண்டிய திசை வேறு. படத்துக்கும் அது தெரிகிறது, தெரிந்துகொண்டே கப்பல் சண்டைக்குப் போய்விடுகிறது. நடுவில் அடுத்த தொடருக்கு ஆள் சேர்க்க ஒரு கல்லூரிப் பெண், சி.ஐ.ஏ. காமெடி வேறு. 161 நிமிடத்தில் ஒரு இருபது நிமிடத்தையாவது வெட்டியிருக்கலாம்.

முடிவில் ஷூரி ஹைட்டிக் கடற்கரையில் உட்கார்ந்து துணியை எரிக்கிறாள், துணியை மட்டும். அண்ணன் முகம் சத்தமில்லாமல் வந்து வந்து போகிறது. அப்புறம் டி'சல்லாவின் காதலி நக்கியா ஒரு சிறுவனை அழைத்து வருகிறாள். தூசான் என்று பெயர், ஹைட்டி விடுதலைப் போராளியின் பெயர். வகாண்டாப் பெயர் டி'சல்லா, ஷூரியின் அண்ணன் மகன்தான் அவன். வாரிசு கிடைத்துவிட்டது, அடுத்த பாகம் தயார் என்று எல்லோரும் எழுதினார்கள். எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இவள் அத்தை ஆகிவிட்டாள்.

என் அண்ணன் மகளுக்கு இப்போது ஏழு வயது. சூப்பர் ஹீரோ படம் என்றால் உயிர். விடுமுறைக்கு வரும்போது இதைப் போட்டுக்காட்டலாமா என்று யோசிக்கிறேன். முதல் பத்து நிமிடத்தை ஓட்டிவிடலாம் என்கிறாள் அண்ணி. ஓட்டக்கூடாது என்று எனக்கு இருக்கிறது, இன்னும் அவளிடம் சொல்லவில்லை.