நாடி 72 என்றால் இதயம் சரியா? புலனத்தில் சுற்றும் தவறான தகவல்

"படபடப்பு இல்லை, பிரஷர் மெஷினில் நாடி 72 என்றால் இதயத்துடிப்பில் கோளாறே கிடையாது. பயமிருந்தால் தினம் ஓர் ஆஸ்பிரின் போதும்." சுங்கை சிப்புட் தோட்டப் புலனக் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற துடிப்பு பலருக்கு எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும். இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறக்குறைய 5 மடங்கு. மெஷின் காட்டும் 72 வெறும் எண்ணிக்கைதான், தாளம் சீராக இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

விரல் சொல்லும். 5 நிமிடம் அமர்ந்தபின், கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் இரு விரல் வைத்து முழு 60 விநாடி கவனியுங்கள். (கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதற்கே நாடி உண்டு.) தாளம் தாறுமாறாக இருந்தாலோ துடிப்பைக் கண்காணிக்கும் ஸ்மார்ட் கைக்கடிகாரம் எச்சரித்தாலோ கிளினிக்கில் இசிஜி எடுங்கள்; அதுதான் உறுதிசெய்யும். கோளாறு விட்டுவிட்டு வந்தால் ஒரு இசிஜியில் சிக்காமல் போகலாம். அப்போது உடலில் பொருத்திய சிறு கருவி துடிப்பைத் தொடர்ந்து பதியும் 24 மணி நேர ஹோல்டர் பதிவு தேவைப்படும்.

இந்தப் பக்கவாதத்தைத் தடுக்க, ரத்த உறைவுத் தடுப்பு மருந்துக்கு மாற்றாக ஆஸ்பிரின் கூடாது என்கிறது ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2024 வழிகாட்டி. யாருக்கு அம்மருந்து தேவை என்பதை வயது, ரத்த அழுத்தம், இனிப்பு நீர், முந்தைய பக்கவாதம் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் முடிவுசெய்வார். இதய அடைப்புக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்த வேண்டாம்.