கலை மையத்தில் எழுதப் போகிறவர்களுக்கும், எடுக்கிறவர்களுக்கும்

கல்லூரி முடித்த பிள்ளைகள் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சின்ன ஊர்க் கலை மையத்தில் எழுத்து வேலைக்கு இன்டர்னாகச் சேரலாமா, அதனால் ஏதாவது பிரயோசனம் உண்டா என்று. தாராளமாகச் சேருங்கள். ஆனால் அங்கே எழுத்து என்றால் என்ன என்பதில் சேருகிறவருக்கும் தெளிவு வேண்டும், மையம் நடத்துகிறவருக்கும் தெளிவு வேண்டும். அதைப் பற்றித்தான் இந்த நீளப் பதிவு.

நான் இருந்தது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் ஒரு மையம். கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, கோபாலபுரம் என்று இந்தப் பக்கம் வீட்டிலும் சந்தையிலும் தமிழ்தான். தமிழ் மீடியம் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. மையத்தில் ஒரு ஹால், தகரம் வேய்ந்த மேடை, ஓர் அலமாரி நிறைய பழைய நோட்டீஸ்கள். எழுத ஒரு பெண் வந்திருக்கிறாள் என்றதும் அவர்கள் தந்த வேலை போஸ்டருக்கு வாசகம், நன்றி அறிவிப்பு, விழா முடிந்ததும் போட்டோவுக்குக் கீழே நான்கு வரி. அதையும் செய்யத்தான் வேண்டும், குறை சொல்லவில்லை. எழுத்து அதோடு நின்றுபோவதுதான் எனக்கு வருத்தம்.

அந்த அலமாரி நோட்டீஸ்களை உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். 'பாரம்பரியமிக்க', 'புகழ்பெற்ற', 'மாபெரும்'. எந்தக் கலைக்கும் இதையே போடலாம். யார் ஆடினார்கள், எந்தக் கதைப் பகுதி, யாரிடம் கற்றார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. இத்தனை வருட நிகழ்ச்சிகளில் மிஞ்சியது தலைமை தாங்கியவர்களின் பெயர் மட்டும்தான்.

தோல்பாவைக்கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள், தோலில் வெட்டிய பாவைகளின் நிழலைத் திரையில் ஆட்டிக் கதை சொல்லும் கூத்து. பாரதப்புழை ஆற்றங்கரையோரப் பகவதி கோயில்களில் அதற்கென்றே கட்டிய மேடை உண்டு, கூத்துமாடம் என்பார்கள். தாரிகன் என்ற அசுரனை வதம் செய்யப் போயிருந்ததால் ராம ராவண யுத்தத்தைக் காளியால் பார்க்க முடியவில்லை, அவளுக்காகத்தான் இந்தக் கூத்து என்பது ஐதீகம். அதனால் மாடம் சன்னிதியைப் பார்த்தே இருக்கும். மனிதர் யாரும் வராவிட்டாலும் விடிய விடிய நடக்கும். ஏழு இரவு, பதினான்கு, இருபத்தொன்று என்று கோயிலுக்குத் தகுந்த கணக்கு. பாடுவதோ கம்பராமாயணம்! கேரளத்துக் கோயிலில், மலையாளம் பேசும் புலவர்கள் (இந்தக் கூத்துக் கலைஞர்களை அப்படித்தான் அழைப்பார்கள்) தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாகக் கம்பனைப் பாடி, தமிழும் மலையாளமும் கலந்து உரை சொல்கிறார்கள். ஷொர்ணூர் அருகே கூனத்தறையில் கிருஷ்ணன்குட்டி புலவர் இந்தக் கலையை மாடத்துக்கு வெளியே கொண்டுவந்தார். அவர் மகன் ராமச்சந்திர புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. சின்ன ஊரில் சின்ன மேடையில் வந்து ஆடிவிட்டுப் போகிற குழுவைப் பற்றி யார் எழுதுவது?

அப்படி ஒரு குழு எங்கள் மையத்துக்கு வந்தபோது மதியமே போய் உட்கார்ந்துவிட்டேன். மூத்த கலைஞர் ஒரு பாவையை வெயிலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். கழுத்தில் வட்டத் துளைகள், இடுப்பு ஆடையில் நெல்மணி போல நீண்ட துளைகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உளி. விளக்கு வெளிச்சம் அந்தத் துளைகள் வழியாக வந்தால்தான் திரையில் நகையும் துணியும் தெரியும். உட்கார்ந்த ராமன் ஒரு பாவை, நிற்கும் ராமன் வேறு, வில்லெடுத்தவன் வேறு. பழைய பாவைகள் மான்தோல். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதற்கு வழியில்லை, இப்போது ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும்தான். தோல் மாறினால் உளி இறங்கும் விதமும் மாறுகிறது என்றார். இதில் பாதியை எழுதினாலே ஒரு நல்ல நோட்டீஸ் ஆகிவிடும்.

திரைக்குப் பின்னால் வரிசையாகத் தேங்காய் மூடிகளில் இருபத்தொரு விளக்கு. ஒன்று மங்கினாலும் திரையில் அந்த இடம் இருண்டுவிடும். எண்ணெய் விட்டுத் திரியைத் தூண்டிவிட இரவு முழுக்க ஓர் ஆள் விழித்திருந்தார். பெயரைக் கேட்டதும், "எம்பேரெல்லாம் எதுக்குங்க அம்மிணி?" என்றார். நோட்டீசில் இடமில்லை என்று செயலாளரும் சொன்னார். பின்பக்கம் காலியாகத்தானே கிடக்கிறது என்றேன். கடைசியில் விளக்குக்காரர், மத்தளக்காரர், சமைத்த அக்கா என்று எல்லாரின் பெயரும் பின்பக்கத்தில் அச்சாயின. கூத்து முடிந்து அந்த மனிதர் இரண்டு நோட்டீஸ் கேட்டு வாங்கிப் போனார்.

அப்புறம் மொழி. பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழ் படிக்கிறவர்கள், நோட்டீஸ் மட்டும் மலையாளத்தில். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசாங்கத்துக்கே தமிழில் எழுதலாம் என்று கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் இடம் தந்திருக்கிறது. ஊர்க் கலை மையம் தரக்கூடாதா? இரண்டிலும் போடுங்கள். ஆனால் ஒன்றை எழுதி மற்றதில் பெயர்த்துப் போட வேண்டாம். மலையாளம் வாசிப்பவருக்குக் கம்பன் யார் என்று சொல்ல வேண்டியிருக்கும், கூத்துமாடத்தை விளக்க வேண்டியதில்லை. தமிழ் வாசிப்பவருக்கு நேர் தலைகீழ். இது புரிந்த ஆள் வெளியூரிலிருந்து கிடைக்கமாட்டார், இரண்டு மொழியிலும் வளர்ந்த பிள்ளை நம் தெருவிலேயே இருக்கிறது.

இங்கேதான் பணம் வருகிறது. பந்தல்காரருக்குக் காசு உண்டு, மைக் செட்டுக்கு உண்டு, ஃப்ளெக்ஸ் அடித்தவருக்கு உண்டு. எழுதினவருக்குச் சான்றிதழ். எனக்கும் அதுதான் கிடைத்தது, பஸ் காசு வீட்டிலிருந்து போனது. மையத்திடம் பணம் கொட்டிக் கிடக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சம்பளமில்லாத இடத்துக்கு வசதியான வீட்டுப் பிள்ளைதான் வர முடியும். கள்ளிறக்குகிறவர் மகளும் தோட்டவேலைக்குப் போகிறவர் மகனும் முதல் வாரத்திலேயே கணக்குப் பார்த்து நின்றுவிடுவார்கள். இந்தக் கலைஞர்களின் பேச்சு காதில் பழகினவர்கள் அவர்கள்தான். முழுச் சம்பளம் முடியாவிட்டால் பஸ் காசு, மதியச் சாப்பாடு, மாதம் ஒரு தொகை. ஃப்ளெக்ஸில் இரண்டைக் குறைத்தால் ஒரு பகுதி வந்துவிடும்.

சேரப் போகிறவர்களே, கூச்சப்படாமல் முதல் நாளே கேளுங்கள். எழுதியதில் என் பெயர் வருமா? யார் திருத்துவார்கள்? பிரதி எங்கே பத்திரமாக இருக்கும்? கலைஞர்களிடம் பேசும்போது எதை வெளியே எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று அவர்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கோயில் சடங்கோடு சேர்ந்த சில விஷயங்களை அவர்கள் சொல்வார்கள், ஆனால் அச்சில் பார்க்க விரும்பமாட்டார்கள். அச்சுக்குப் போகும் முன் அவர்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுங்கள்.

மைய நிர்வாகிகளுக்கும் ஒன்று. நம் பக்கம் கூத்துக் காலம் ஜனவரிவாக்கில் தொடங்கி மே வரை ஓடுகிறது. விழா நெருங்கும்போது ஆள் தேடாதீர்கள். டிசம்பரிலேயே எடுத்துவிட்டால், அந்தப் பிள்ளை புலவர்களோடு கொஞ்ச நாள் உட்கார்ந்து, பாட்டும் உரையும் காதில் ஏறின பிறகு முதல் நோட்டீசை எழுத உட்காரும்.