ஆளைப் பொறுத்ததாம்!

"அது ஆளைப் பொறுத்தது."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தான் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு, ரயில் மாறி அந்த டைவிங் கடைக்குப் போனேனா?

நான் கேட்டதையும் பாருங்கள். ஜனவரி மாதம். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் ஸ்டோனி கோவ், தண்ணீர் நிரம்பிய பழைய கல்குவாரி. தண்ணீர் 5 டிகிரி. தண்ணீர் புகாத மெல்லிய மெம்பிரேன் டிரைசூட். முக்கால் மணி நேரம் உள்ளே இருக்க வேண்டும். அதற்குள் போட்டுக்கொள்ளும் கதகதப்பான உள்ளுடை, அதுதான் அண்டர்சூட், எதை வாங்கலாம்? இடம், மாதம், வெப்பநிலை எல்லாம் சொல்லியாச்சு. ஜாதகம் ஒன்றுதான் பாக்கி.

கடைக்காரர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், ஏதோ பெரிய ரகசியத்தை உடைப்பதுபோல, "அது ஆளைப் பொறுத்தது" என்றார்.

சரி, ஆள் நான்தான். எதிரிலேயே நிற்கிறேன். ஐந்தடி உயரம், சதை கிடையாது, குளிர் என்றால் முதலில் விரல்கள் விறைக்கும். இப்போது சொல்லுங்கள்.

"உங்களுக்குத் தண்ணீரில் குளிருமா?"

5 டிகிரியில் குளிருமாம்! இல்லை, வியர்த்துக் கொட்டும், விசிறி கொடுங்கள்.

"சிலருக்குக் குளிராது. சிலர் 200 போதும் என்பார்கள். சிலர் 400 வேண்டும் என்பார்கள்."

நீங்கள் என்ன சொல்வீர்கள்?

"அது ஆளைப்..."

இந்த 200, 400 என்பதாவது கதகதப்பின் அளவா? அதுவும் இல்லை. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. அரிசியைப் போலத் துணியை நிறுத்து விற்கிறார்கள். 400 கிராம் ஃப்ளீஸ் துணியும் 400 கிராம் தின்சுலேட் என்ற செயற்கை இழையும் ஒரே கதகதப்பைத் தராது என்பது அவர்களுக்கே தெரியும். இந்த நாட்டில் மெத்தையில் போர்த்திக்கொள்ளும் பஞ்சுப் போர்வைக்கு, எவ்வளவு கதகதப்பு என்று காட்ட 'டாக்' என்று ஒரு எண் இருக்கிறது. கூடாரத்தில் படுக்கும் உறக்கப்பைக்குச் சூடேற்றிய பொம்மையை உள்ளே கிடத்திச் சோதித்து, இத்தனை டிகிரி வரை தாங்கும் என்று அச்சடிக்கிறார்கள். ஹீட்டர் போட்ட அறையில் குறட்டை விடுகிறவனுக்கு அவ்வளவு அக்கறை! தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும், அதற்குள் இறங்குகிறவளுக்கு மட்டும் "நல்ல கதகதப்பு" என்று ஒரு லேபிள்.

மெம்பிரேன் சூட் தண்ணீரைத் தடுக்கும், அவ்வளவுதான். அதற்கென்று சொந்தமாகச் சூடு கிடையாது. துணிக்குள் சிக்கியிருக்கும் காற்றுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல மூன்று மடங்கு. அந்த நசுக்கலில் எந்தத் துணி அப்பளமாகிறது, எது கொஞ்சமாவது உப்பலாக நிற்கிறது என்பதுதான் கேள்வியே. கேட்டேன். "சூட்டுக்குள் காற்று அடித்துக்கொள்ளலாமே" என்றார். அடித்துக்கொள்ளலாம். அடித்த காற்றெல்லாம் பிறகு காலுக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கவும் செய்யலாம்.

போட்டுப் பார்த்துவிடுவோம் என்று 400-ஐ எடுத்தேன். கை தோளுக்கு மேல் எழவில்லை. முதுகில் இருக்கும் சிலிண்டர் வால்வை எட்டிப் பிடிக்க வேண்டுமே என்றேன். "போகப் போகத் தளர்ந்துவிடும்." எங்கே போகப் போக? அடியிலா? கால் பக்கம் ஒரு முழம் மிச்சம். "மடித்து பூட்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள்." மடித்தால் பூட்ஸ் இறுகும், ரத்தம் ஓடாது, ஒரு சூடும் அந்தக் காலைக் காப்பாற்றாது. பெண்களுக்கான அளவு இருக்கிறதா? இருக்கிறதாம், என்னைவிட ஒரு அடி உயரமான பெண்களுக்கு.

இன்னும், மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈயம் இருக்கிறது. துணி தடிக்கத் தடிக்க மிதப்பு கூடும், இடுப்பில் இரண்டு மூன்று கிலோ கூடுதலாகக் கட்ட வேண்டும். குளிரில் உடம்பு ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், சிறுநீரகம் பரபரவென்று வேலை செய்யும். ஆண்களுக்குச் சிறுநீரை வெளியே விடக் குழாய் வைத்த வால்வு எப்போதோ வந்துவிட்டது. நாங்கள் என்ன செய்வதாம்? டயப்பர் அலமாரியைக் கைகாட்டினார். இது மட்டும் ஆளைப் பொறுத்ததில்லை போலிருக்கிறது.

கடைசியாக ஒரு யோசனை சொன்னார் பாருங்கள். "200-ஐ வாங்கிக்கொண்டு உள்ளே ஒரு காட்டன் டி-ஷர்ட் போட்டுக்கொள்ளுங்களேன்." காட்டன்! கரையில் முப்பது கிலோ சாமானைச் சுமந்து நடக்கும்போதே வியர்வை முழுவதையும் குடித்துவிட்டு, தண்ணீருக்குள் போனதும் ஈரத்துணியாக முதுகில் ஒட்டிக்கொள்ளும் அந்தக் காட்டன்! டிரைசூட் விற்கும் கடையில் நின்றுகொண்டு இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். பக்கத்தில் மெரினோ கம்பளிப் பனியன் தொங்குகிறது, அதைக் காட்டத் தோன்றவில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கையுறை புரட்டிக்கொண்டிருந்தார் ஒரு தாத்தா. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, நான் பிறப்பதற்கு முன்பே இந்தக் குளிரில் இறங்கியவர். சரி, இவராவது சொல்வார் என்று திரும்பினேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகவும் கனிவாக, "அது வந்து அம்மா, ஆளைப் பொறுத்தது" என்றார்.

சிரித்துவிட்டேன். வேறென்ன செய்வது? தாத்தாவும் சிரித்தார். கடைக்காரருக்கு எதற்கென்றே புரியவில்லை.

மெரினோ பனியன் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தால், தண்டவாள வேலையாம், ரயிலுக்குப் பதில் பேருந்தாம். அதுவும் ஒவ்வொரு கிராமமாகச் சுற்றிக்கொண்டு! ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எதைத்தான் அப்படித் தோண்டுகிறார்கள்? டிக்கெட்டில் ஒரு பென்னி குறைத்தார்களா என்று கேளுங்கள்.