மைக் கையில் கிடைத்தால் என்ன வேண்டுமானாலும் பேசலாமா மாமா?

ஞாயிற்றுக்கிழமை அம்மாபேட்டை மண்டபத்தில் நடந்ததைத்தான் சொல்கிறேன். வீடியோவைக் குரூப் குரூப்பாக ஃபார்வர்டு செய்துவிட்டீர்கள், நான் விளக்க ஒன்றுமில்லை. "எங்க காலத்துல எட்டு பெத்துட்டு மறுவாரமே காட்டு வேலைக்குப் போனாங்க. இப்ப ஒண்ணு பெத்ததுக்கே டிப்ரஷனாம், மாத்திரையாம்!" மண்டபமே சிரித்தது. தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்சியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குழந்தையின் சாக்ஸை முறுக்கிக்கொண்டிருந்தாள். மறுபடி ஓட்டிப் பாருங்கள், தெரியும்.

(அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு கொழுப்பும் இல்லை, செல்லமும் இல்லை. காரணத்தை வீட்டுக்குள் தேடுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஹார்மோன் இல்லையா? இருக்கிறது. பெற்ற முதல் சில நாட்கள் காரணமே இல்லாமல் அழுகை வரும், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டியும் நீண்டால் டாக்டரிடம் போக வேண்டும். முன்பே மனச்சோர்வு வந்தவர்களுக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். சரி, இதெல்லாம் உடம்புக் கணக்கு. மீதி?

வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் கிராமத்துப் பெண்களைக் கர்ப்பத்திலிருந்தே தொடர்ந்து கவனித்து 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நூற்றில் சுமார் 11 பேருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு. யாருக்கு அதிகம் வந்தது? வருமானம் குறைந்தவர்களுக்கு. பையனை எதிர்பார்த்துப் பெண் பிறந்தவர்களுக்கு. மாமியாரோடோ பெற்றவர்களோடோ ஒத்துப்போகாதவர்களுக்கு. கர்ப்ப காலத்தில் பெரிய இடி விழுந்தவர்களுக்கு. கைவேலைக்கு உதவ ஆள் இல்லாதவர்களுக்கு. நம் வீட்டுக் கதவு நம்பரை மட்டும்தான் போடவில்லை.

என் கதையைச் சொல்கிறேன். 2011-ல் நான் ஏழு மாசக் கர்ப்பமாக இருந்தபோது அம்மா போய்விட்டார். எட்டாம் நாள் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போயாச்சு. எனக்கு இரண்டாவதும் பெண். புகுந்த வீடு செவ்வாய்ப்பேட்டை, மாமனாருக்கே வெள்ளிக் கொலுசுப் பட்டறை. மூத்தவளுக்குப் பதினோராம் நாளே சின்னக் கொலுசு, முத்து வைத்து. இரண்டாமவளுக்கு, "அப்புறம் பாத்துக்கலாம்." யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. அந்த ஒரு "அப்புறம்"தான். ராத்திரி குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்து அழுவேன், சத்தம் வெளியே கேட்காது. தண்ணீர் பில் ஏறுகிறது என்று மட்டும் கேட்டார்கள்.

குழந்தையை எடை போட வந்த நர்ஸ் அக்காதான் முதலில் கேட்டார்: "குழந்தை தூங்கும்போதாவது உனக்குத் தூக்கம் வருதா?" வரவில்லை. அந்தக் கேள்வியை வீட்டில் ஒருவர் கேட்டிருக்கலாம்.

உடனே "மாமியாரைக் குறை சொல்றியா" என்று வருவீர்கள். என் மாமியார் நாற்பது நாளும் வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டிவிட்டவர். நல்லவர். நல்லவர்கள் வீட்டிலும் இது வரும். "ஆம்பளைக்கும் வரும்" என்பீர்கள். வரும், உண்மை. தனிப் பதிவு போடுங்கள், லைக் போடுகிறேன். "பால் குடுக்கறவ மாத்திரை போடலாமா?" அதற்கென்று கொடுக்கக்கூடிய மாத்திரைகள் உண்டு, பார்த்துத்தான் எழுதித் தருகிறார்கள். மண்டபத்தில் சாம்பார் வாளியோடு நிற்பவர் முடிவு செய்கிற விஷயம் இல்லை.

அப்புறம் இந்த "எங்க காலத்துல". உங்கள் காலத்தில் அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை அடித்தீர்கள், அவ்வளவுதான். உங்கள் காலத்தில்தான், 1992-ல், பெண் சிசுவைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுப் போகச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டத்தையே நம் சேலம் மாவட்டத்தில் ஆரம்பிக்க வேண்டி வந்தது. ஏன் வந்தது மாமா? பெண் பிள்ளையைப் பெற்றவள் அந்த வீட்டில் என்ன மனநிலையில் படுத்திருந்தாள் என்று யார் கேட்டார்கள்? சரி, எங்கேயோ போகிறேன்.

தங்கச்சி மாதிரி யாராவது படித்தால்: 14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை.

மாமா, 2011-ல் நீங்களும் குழந்தை பார்க்க வந்தீர்கள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மறுபடியும் மகாலட்சுமியா" என்று சிரித்துவிட்டுத் தட்டுவடைப் பொட்டலத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனீர்கள். அன்றும் நான் சிரித்தேன். அந்த மகாலட்சுமி இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். கொலுசே பிடிக்காது என்கிறாள்.

இதைப் படித்துவிட்டு என் அப்பாவுக்குப் போன் போட வேண்டாம். எனக்கே போடுங்கள்.