எல்லாமே படகு அல்ல

கொழும்பில் வெளியாகும் தமிழ்ச் செய்திகளைப் படித்தால், கடலில் மிதப்பவற்றுக்கு இரண்டே பெயர்கள்தாம் இருப்பதுபோலத் தோன்றும். பெரியதென்றால் கப்பல், சிறியதென்றால் படகு. இது எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. மீனவர் ஒருவரைக் காணவில்லை என்று செய்தி வருகிறது. அவர் போனது தெப்பத்திலா, இயந்திரம் பூட்டிய வள்ளத்திலா, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் பலநாள் கலத்திலா? தெப்பமென்றால் கரையை விட்டு அதிக தூரம் போயிருக்கமாட்டார். பலநாள் கலமென்றால் ஐஸும் அரிசியும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். தேட வேண்டிய கடலே வேறு. “படகு” என்று எழுதியவுடன் இந்த வேறுபாடெல்லாம் அழிந்துவிடுகிறது.

2021 நவம்பரில் கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் பள்ளிப் பிள்ளைகள் நீரில் மூழ்கி இறந்தார்களே, அதையும் பலர் “படகு விபத்து” என்றே எழுதினார்கள். அந்த ஊர் மக்கள் அதைப் பாதை என்றுதான் சொன்னார்கள். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஓடுவதும் பாதைதான். ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும் தட்டையான மிதவை அது. குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால், அதற்குப் பதிலாக ஓடியது அந்தப் பாதை. “படகு கவிழ்ந்தது” என்றால் காற்றின்மீதும் அலையின்மீதும் பழி போய்விடும். “பாதை கவிழ்ந்தது” என்றால், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழியே கவிழ்ந்தது என்பது விளங்கும். பாலம் ஏன் இன்னும் முடியவில்லை என்ற கேள்வி தானாகவே எழும்.

தோணி என்ற சொல்லுக்கு நேர்ந்ததுதான் என்னை அதிகம் வருத்துகிறது. கொழும்பில் வளரும் நம் பிள்ளைகள் பலருக்குத் தோணி என்றால் நினைவுக்கு வருவது “கள்ளத்தோணி” என்ற வசைச்சொல் மட்டும்தான். சிங்களத்திலும் அது அப்படியே வசையாகப் புழங்குகிறது. மலையகத் தமிழரைக் குத்திக்காட்டவே அதைப் பயன்படுத்தினார்கள். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களின் காதில், பஸ்ஸிலும் சந்தையிலும் அலுவலகத்திலும் இந்தச் சொல் விழுந்துகொண்டே இருந்தது. அவர்கள் ஒளிந்து வந்தவர்களா? தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று கங்காணிகளை அனுப்பி அழைத்துவந்தது தோட்ட முதலாளிகள். தமிழ்நாட்டுக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் பரிசோதித்து, பதிந்து அனுப்பியது அன்றைய இலங்கை அரசாங்கம். 1914 இலிருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பலே ஓடியது. இத்தனைக்கும் பிறகு அவர்களுக்குக் கிடைத்த பெயர் கள்ளத்தோணி!

தோணி என்ன பாவம் செய்தது? தூத்துக்குடியிலிருந்தும் யாழ்ப்பாணக் கரையிலிருந்தும் சரக்கேற்றி வந்து இந்த நாட்டுக்குச் சோறு போட்டது அது. அதை ஓட்டிவந்த தண்டையலுக்கு, அதாவது தோணித் தலைவருக்கு, காற்றும் நீரோட்டமும் விண்மீனும் மனப்பாடம். அந்தக் கடலோடிகள் வாழ்ந்த வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்மரக் கப்பல், ஓர் அமெரிக்கர் கைக்கு மாறி, 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் பிறகு தோணி என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டு எந்தப் பிள்ளையும் தலைகுனியாது. வ.உ.சி. 1906 இல் தொடங்கிய கம்பனியின் கப்பல்கள் வந்துபோனதும் நம் கொழும்புத் துறைமுகத்துக்குத்தான். கப்பலோட்டிய தமிழன் என்று மேடையில் முழங்குகிறவர்கள்கூட இதைச் சொல்வதில்லை.

இந்தச் சொற்கள் நம்மோடு மட்டும் நின்றுவிட்டவையும் அல்ல. தெப்பத்தைச் சிங்கள மீனவர் தெப்பம என்கிறார்கள், வள்ளத்தை வல்லம என்கிறார்கள். நீர்கொழும்புக் கரையில் இரண்டு மொழியும் பேசும் மீனவக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய், இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகுக்குப் பெயராகிவிட்டது. நம் கட்டுமரத்துக்கு உடலே கிடையாது. மரங்களைக் கயிற்றால் கட்டிக் கடலில் இறக்குவார்கள். கரைக்கு வந்ததும் அவிழ்த்து வெயிலில் காயப்போடுவார்கள். அவ்வளவுதான்.

காற்றின் பெயர்களையும் இதோடு சேர்த்துச் சொல்லவேண்டும். காலிமுகத்திடலில் கச்சான் என்றால் வறுத்துச் சுருளில் தரும் நிலக்கடலை. மட்டக்களப்பாருக்குக் கச்சான் என்பது மேற்கிலிருந்து அடிக்கும் அனல்காற்றும்தான். யாழ்ப்பாணத்தில் தென்மேற்குக் காற்று சோளகம்; வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல். வானிலை அறிக்கையோ “காற்று தென்மேற்குத் திசையிலிருந்து மணித்தியாலத்துக்கு இத்தனை கிலோமீற்றர் வேகத்தில்” என்று வாசிக்கிறது. வேகக் கணக்கு அவசியம்தான். அதோடு சோளகம் என்றும் ஒரு வார்த்தை சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? கடலுக்குப் போகிறவருக்காகத்தானே அந்த அறிக்கை!

முகத்துவாரமும் மட்டக்குளியும் காக்கைத்தீவும் இந்த நகரத்துக்குள்தான் இருக்கின்றன. செய்தி எழுதும் தம்பி தங்கைகள் ஒரு காலை அந்தக் கரைக்குப் போய், மீனவ அண்ணன்மாரிடம் “இதற்கு என்ன பெயர், அதற்கு என்ன பெயர்” என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். ஆசிரியர்கள் மாணவர்களைத் துறைமுகம் பார்க்க அழைத்துப்போனால், பாரந்தூக்கிகளைக் காட்டுவதோடு நிறுத்தாமல் கலத்தின் முன்பக்கமான அணியம் எது, பின்பக்கமான அமரம் எது, சுக்கான் எங்கே இருக்கிறது என்றும் காட்டட்டும்.

மன்னார், முல்லைத்தீவு, மட்டக்களப்பு, புத்தளம் நண்பர்களே, உங்கள் கரையில் கலத்தின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் என்னவென்று சொல்கிறார்கள்? வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு, ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள்.